அமல்பொரி வேரும் அயர்ந்த மனமும்



மனச்சோர்வு என்னும் நோய்க்கு மருந்து கிடைத்த வரலாற்றைப் பற்றி இன்று சிறிது நேரம் பேசலாம் என எண்ணுகிறோம். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கண்டவர்கள் மிகப் பழங்காலத்தவர். ஆனால் மனம் ஓய்ந்து போவதற்கென்றே தனி மருந்து உண்டு என்பதை உலகம் பரவலாக அறிந்தது 1957-ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டில் ஐப்ரோனியசிட், இமிப்ரமின் என்னும் இரண்டு மருந்துகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஒன்று அமெரிக்காவிலிருந்தும் மற்றொன்று ஸ்விட்சர்லாந்திலிருந்தும் வந்தது. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கும் எடைக்கல்லாக விளங்கியதோ நம் நாட்டு வேர் ஒன்று. அந்த வேரையுடைய செடி படத்தோடும் பெயரோடும் ஐரோப்பிய நூலில் ஏறுவதற்குக் காரணமாக இருந்த ஊர், நாங்கள் வசிக்கும் இந்தக் கொச்சிக் கோட்டை. இன்றைய வழக்கில் போர்ட் கொச்சி.

நாங்கள் மருத்துவர் அல்லோம்; மத்திய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர்கள். மருந்தின் கதையில் மொழிபெயர்ப்பாளருக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். இந்தக் கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும், ஒருவர் சொன்ன சொல்லை மற்றொருவர் சரியாகக் கேட்டு எழுதினாரா என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கிறது. ஆதலின் எங்களுக்கும் இதில் சிறிது பங்கு உண்டு எனத் துணிந்தோம்.

முதலில் நோயைப் பற்றி ஒரு சொல். துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. உற்றார் ஒருவரை இழந்து அழுவது இயல்பு. நாள் செல்லச் செல்ல அது ஆறும். மனச்சோர்வோ காரணம் இருந்தும் வரும், காரணமின்றியும் வரும். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களும் மனம் இருண்டு கிடப்பது, விரும்பிச் செய்த காரியத்திலும் நாட்டம் அறுவது, விடியற்காலை இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ விழிப்புத் தட்டிப் பிறகு உறக்கம் வராமற் போவது, பசி குன்றுவது, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் ஓயாமல் அரிப்பது, வாழ்வதைவிடச் சாவது மேல் என்று தோன்றுவது, இவை அதன் அடையாளங்கள். 1950-க்கு முன்னர் இந்நோய் முற்றியவர்களுக்கு அபினிக் கரைசல் கொடுத்தார்கள். 1938-இல் இத்தாலியில் தோன்றிய மின்னதிர்ச்சிச் சிகிச்சை வந்த பிறகு அதைச் செய்தார்கள். அதுவும் இயலாதபோது மனநோய் மருத்துவமனையில் அடைத்துக் காவல் காத்தார்கள்.

இனி, கொச்சிக்கு வருவோம். 1663-ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் போர்த்துக்கேசியரிடமிருந்து இக்கோட்டையைக் கைப்பற்றினர். 1670 முதல் 1677 வரை இங்கே ஆட்சித் தலைவராக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட் என்பவர். போர் வீரராக வந்த அவருக்கு மலையாள நாட்டுச் செடி கொடிகளின் மீது தணியாத ஆவல் பிறந்தது. ஊர் வைத்தியர்களை அழைத்தார்; ஓவியர்களை அமர்த்தினார்; மரம், செடி, கொடி, வேர் ஆகியவற்றைக் கொணரச் செய்து, பெயரும் குணமும் எழுதுவித்தார். அவ்வாறு உருவான நூலே ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்’, அஃதாவது ‘மலபார்த் தோட்டம்’. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு பாகங்களாக லத்தீன் மொழியில் அது அச்சாயிற்று. அதில் 742 தாவரங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

இந்நூலுக்குத் தகவல் தந்தவர்களில் தலையாயவர் இட்டி அச்சுதன். சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ குல வைத்தியர். அவருடைய குடும்பத்தில் வழிவழியாக வந்த மருத்துவச் சுவடி இருந்தது. அவரோடு ரங்கபட், விநாயக பண்டிதர், அப்புபட் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் உதவினார்கள். இட்டி அச்சுதன் மலையாளத்தில் சொல்லச் சொல்ல, அதைப் போர்த்துக்கேசிய மொழியில் பெயர்த்தவர் கொச்சியிலேயே பிறந்து வளர்ந்து, கம்பெனியில் துபாஷியாக இருந்த இம்மானுவேல் கர்னெய்ரோ. அங்கிருந்து அது லத்தீனுக்குச் சென்றது.

நூலின் முதற் பாகத்தில் 1675-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தேதியிட்ட சான்றிதழ்கள் அச்சிடப்பட்டுள்ளன. இட்டி அச்சுதன், தாம் சொன்னவை தம் குடும்பச் சுவடியிலும் தம் அனுபவத்திலும் உள்ளவை என்று, நம் வட்டெழுத்துக்கு உறவான கோலெழுத்தில் சான்று தருகிறார். துபாஷியும் தம் பங்குக்கு, கேட்டபடியே பெயர்த்ததாகச் சான்று தருகிறார். அரசர்களும் தளபதிகளும் மட்டுமே பெயர் பெற்ற அந்தக் காலத்தில், சொன்னவர் யார், பெயர்த்தவர் யார் என்பதையும் நூலில் பதித்தார்கள் என்பது சிறிய செய்தி அன்று.

1686-இல் வெளியான ஆறாம் பாகத்தில் ஒரு சிறு செடியின் படம் இருக்கிறது. அதன் பெயரை ரீட் ‘ச்சோவன்ன அமல்பொடி’ என்று எழுதுவித்தார். ‘சுவன்ன’ என்றால் மலையாளத்தில் சிவந்த என்பது பொருள். அமல்பொரி என்பது செடியின் பெயர். இடுப்பளவுக்கு மேல் வளராத செடி. கணுவுக்கு மூன்று மூன்றாக இலை. வெண்மை கலந்த இளஞ்சிவப்புப் பூ, அதற்குச் செந்நிறக் காம்பு. பழுத்தால் கறுக்கும் சிறு கனி. வடமொழியில் இதற்குச் சர்ப்பகந்தா என்று பெயர். தமிழ் மூலிகைப் பட்டியல் சிலவற்றில் இதே செடி ‘சிவன் அமல்பொடி’ எனக் காணப்படுகிறது. சிவப்பைக் குறித்த ‘சுவன்ன’ என்னும் சொல்லே கை மாறிக் கை மாறிச் சிவபெருமானாக ஆயிற்றோ என்று மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்குத் தோன்றுவதுண்டு. மேனாட்டுத் தாவர நூலார் பின்னாளில் பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ரவ்வோல்ப் என்பவரின் நினைவாக இதற்கு ‘ரவ்வோல்பியா சர்ப்பென்டினா’ என்று பெயரிட்டனர். பெயர் பல ஆயின, வேர் ஒன்றே.

வட இந்தியாவில், குறிப்பாகப் பீகாரில், இவ்வேரின் பொடி ‘பாகல் கி தவா’, அஃதாவது பித்துக்கு மருந்து, என்ற பெயரிலேயே விற்றது. 1931-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் மருத்துவர் இருவர், இவ்வேர் சித்தப் பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுகிறது என்று எழுதினர். தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் இரசாயன அறிஞர் இவ்வேரிலிருந்து சில சத்துக்களைப் பிரித்தெடுத்தார்; அவற்றுள் ஒன்றுக்குத் தம்மை ஊக்குவித்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். பிறகு 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்புடைய 50 நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதயநோய்ச் சஞ்சிகையில் வெளியிட்டார். அதன் பின்னரே மேனாடு விழித்தது. 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், ஷ்லிட்லர், பைன் என்னும் மூவர், வேரின் முக்கியமான சத்தைத் தனியே பிரித்து ரெசர்பின் எனப் பெயரிட்டனர். முன்னாளில் இரத்தக் கொதிப்புக்காக அடெல்பேன் என்னும் மாத்திரையை விழுங்கிய பெரியோர் நேயர்களில் இருக்கலாம். அதில் இருந்தது இந்த ரெசர்பின்தான்.

நியூயார்க் மாநிலத்தில் நேதன் கிளைன் என்னும் மனநோய் மருத்துவர் 1954-இல் இம்மருந்தைப் பற்றித் தம் ஆய்வை வெளியிட்டார். கொந்தளித்துக் கொண்டிருந்த நோயாளிகள் பலர் அமைதி அடைந்தனர். மருத்துவ உலகம் வியந்தது. ஆனால் அந்த வியப்போடு ஒரு கவலையும் புறப்பட்டது. இரத்தக் கொதிப்புக்காக ரெசர்பின் உட்கொண்டவர்களில் சிலர் நாளடைவில் உற்சாகம் இழந்து, அழுது, உயிரையே வெறுக்கிறார்கள் என்று மருத்துவர்கள் எழுதத் தொடங்கினர். 1955-இல் அமெரிக்காவின் பெத்தெஸ்தா நகரத்து ஆய்வுக்கூடத்தில் பெர்னார்ட் பிராடியும் அவருடைய துணைவர்களும் ஒன்றைக் கண்டனர். நரம்புகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறப் பயன்படும் செரோடோனின் என்னும் பொருளின் சேமிப்பை ரெசர்பின் காலி செய்துவிடுகிறது என்பதே அது. மூளையில் ஒரு பொருள் குறைகிறது, மனம் சோர்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டால் மனச்சோர்வுக்குக் காரணம் கிடைத்துவிடும் போல் தோன்றியது.

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். அதே 1955-ஆம் ஆண்டில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த டேவிஸ், ஷெப்பர்ட் என்னும் இருவர், கவலையும் சோர்வும் உடைய நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரெசர்பினும் மறு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துச் சோதித்தனர். ரெசர்பின் உண்டவர்கள் தேறினார்கள். சோர்வை உண்டாக்குவதாகக் குற்றம் சாட்டப்பட்ட மருந்து சோர்வைப் போக்கியதாகச் சான்று கிடைத்தது. ஆயினும் அந்தச் சான்றைப் பலர் பொருட்படுத்தவில்லை. முன் சொன்ன கதை அழகாக இருந்ததனால் அதுவே பாடநூல்களில் நின்றது. இந்த நூற்றாண்டில் பழைய ஆவணங்களை மீண்டும் புரட்டிய ஆய்வாளர்கள், ரெசர்பின் மனச்சோர்வை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் நாம் நம்பிய அளவுக்கு வலுவானது அன்று என்று எழுதியிருக்கிறார்கள். அழகான விளக்கம் வேறு, மெய்யான விளக்கம் வேறு என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

இதற்கிடையே வேறொரு வழியில் ஒரு மருந்து வந்துகொண்டிருந்தது. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள ஸீ வியூ மருத்துவமனையில் க்ஷயரோகிகளுக்கு ஐசோனியசிட், ஐப்ரோனியசிட் என்னும் இரு புதிய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். நுரையீரல் தேறியது, அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது வேறு. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினர், பசிக்கிறது என்றனர், சிரித்துப் பேசினர். கூடத்தில் நடனமாடினர் என்று பத்திரிகைகள் எழுதின. இதைப் பக்க விளைவு என ஒதுக்கியவர் பலர். அதே ஆண்டில் ஷெல்லர் என்னும் உயிர்வேதியியலார், மூளையில் செரோடோனின் முதலிய பொருள்களை அழிக்கும் ஒரு நொதியை ஐப்ரோனியசிட் தடுக்கிறது என்று கண்டார். பின்னர் ஆய்வுக்கூடங்களில், ஐப்ரோனியசிட் கொடுத்த விலங்குக்கு ரெசர்பின் கொடுத்தபோது, அது அயர்ந்து விழாமல் விறுவிறுப்பாக ஓடியது. இதை அறிந்த கிளைன், க்ஷயம் இல்லாத மனச்சோர்வு நோயாளிகளுக்கே இம்மருந்தைக் கொடுத்து, 1957-இல் பலனை வெளியிட்டார். சிறிது காலத்துக்குள் லட்சக்கணக்கானோர் இதை உட்கொண்டனர்.

அந்த வெற்றி நீடிக்கவில்லை. மருந்து உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டுக் காமாலை கண்டது. 1961-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து ஐப்ரோனியசிட் விலக்கப்பட்டது. இதே இனத்தைச் சேர்ந்த வேறு மருந்துகளை உண்டவர்கள் நாட்பட்ட பாலாடைக்கட்டியைத் தின்றால் இரத்த அழுத்தம் திடீரென ஏறி ஆபத்தாகும் என்பதும் 1960-களில் தெரிய வந்தது. ஆயினும், மனச்சோர்வு மருந்துக்கு அடங்கும் நோய் என்பதை மெய்ப்பித்த பெருமை அந்தக் க்ஷயரோக மருந்துக்கே உரியது.

மற்ற மருந்தான இமிப்ரமினின் கதை இன்னும் எளியது. ஸ்விட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் முன்ஸ்டர்லிங்கன் என்னும் சிற்றூர். அங்கே மனநோய் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்னும் மருத்துவர் பணியாற்றினார். கைகி நிறுவனம் கொடுத்த ஒரு மருந்தைச் சிந்தை பேதலித்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பலன் இல்லை. பிறகு 1956-ஆம் ஆண்டு ஜனவரியில் கடுமையான மனச்சோர்வுடைய நோயாளிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களில் மாறுதல் தெரிந்தது. தாமாகவே காலையில் எழுந்தார்கள். மற்றவர்களோடு பேசத் தொடங்கினார்கள். முன் போல் உறங்கினார்கள். கூன் கருவிகளை நம்பியவர் அல்லர். நோயாளியோடு அமர்ந்து நெடுநேரம் பேசுவதும், செவிலியர் சொல்வதைக் கேட்பதுமே அவருடைய முறை. 1957-இல் 40 நோயாளிகளிடம் கண்டதை வெளியிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜூரிக் மாநாட்டில் இதைப் பற்றி அவர் உரையாற்றியபோது கேட்டிருந்தவர்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு பேர். அன்று காலி நாற்காலிகளுக்கு முன் அறிமுகமான இமிப்ரமின் இன்றும் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்தாக இருக்கிறது.

நம் வேருக்கு வேறோர் உத்தியோகம் இப்போதுதான் கிடைத்தது. ரெசர்பின் கொடுத்த எலி கண் இமை சரிந்து, உடற்சூடு தணிந்து, ஒடுங்கி உட்காரும். இமிப்ரமின் முதலில் கொடுத்திருந்தால் அவ்வாறு ஆவதில்லை. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதுவே ஒரு பரீட்சையாக ஆயிற்று. புதிதாகச் செய்த இரசாயனப் பொருள் மனச்சோர்வுக்கு உதவுமா என்று அறிய, ரெசர்பினால் அயர்ந்த எலியை அது எழுப்புகிறதா என்று பார்த்தார்கள். ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் 1957-இல் ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தி எழுப்பினார். டோபமைன் மூளையின் தூதுப்பொருள் என்பதும், நடுக்குவாத நோய்க்கு மருந்தும் அந்தப் பாதையில் கிடைத்தன. 2000-ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1965-இல் ஜோசப் ஷில்ட்கிராவுட், மூளையில் சில தூதுப்பொருள்கள் குறைவதே மனச்சோர்வு என்ற கொள்கையை வகுத்தபோதும் ரெசர்பினே ஒரு முக்கியச் சாட்சி. அக்கொள்கையின் வழியே பிறந்து, 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளூவாக்செட்டின் இன்று நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது.

ஆகவே மருத்துவ வரலாற்றில் இவற்றின் இடம் யாது? ஐப்ரோனியசிட் கதவைத் திறந்தது. இமிப்ரமின் உள்ளே அழைத்துச் சென்றது. நம் அமல்பொரி வேர், மூளையின் இரசாயனத்தைத் தொட்டு மனத்தின் நிலையை மாற்ற இயலும் என்று காட்டிக் கொடுத்தது. மூன்றையும் விளக்க எழுந்த கொள்கையோ இன்னும் முடிவு பெறவில்லை. செரோடோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-இல் லண்டன் ஆய்வாளர் சிலர் எழுதினர். வேறு சிலர் அதை மறுத்தனர். மருந்துகள் பயன்படுகின்றனவா என்பதோ வேறு கேள்வி. 2018-இல் 522 பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்தபோது, எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் வெறும் மாத்திரையைவிட மேலாகவே பயன் தந்தன. எப்படிப் பயன்படுகிறது என்று முற்றும் தெரியாத போதும், பயன்படுகிறது என்று தெரிகிறது. நம் பாட்டிமார் கஷாயம் காய்ச்சியதும் இப்படித்தான் அன்றோ?

பயன்படுகிறது என்பதை அறிந்தது எதைக் கொண்டு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நீரிழிவுக்கு இரத்தத்தைச் சோதிக்கலாம். எலும்பு முறிந்தால் படம் எடுக்கலாம். மனச்சோர்வுக்கு அத்தகைய சோதனை இன்றுவரை இல்லை. நோயாளியின் சொல்லும் அவரை அருகிருந்து பார்த்தவரின் சொல்லுமே சான்று. ஸீ வியூவில் ‘பசிக்கிறது’ என்றார்கள்; முன்ஸ்டர்லிங்கனில் ‘உறங்கினேன்’ என்றார்கள்; அதைக் கேட்க ஒருவர் இருந்தார். இந்நோயில் சொல் பிறழ்ந்தால் சிகிச்சையே பிறழும்.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழராகிய நமக்கு இது வெறும் தத்துவம் அன்று. இந்தக் கொச்சியில் தமிழ்க் குடிகள் புதியவர்கள் அல்லர். வேலி என்னும் இடத்தில் உள்ள தோபி கானாவில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பத்தார், டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழியினர் என்று கூறுவர். மட்டாஞ்சேரியின் மசாலைக் கிடங்குகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். மலையாளம் நமக்கு அண்டை வீட்டு மொழி, பாதி புரியும். பாதி புரிவதே சில வேளைகளில் ஆபத்து.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது ஒன்று. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மகனோடு வந்து மட்டாஞ்சேரியில் தங்கியிருந்த அம்மையார் ஒருவர். அறுபது வயதைக் கடந்தவர். மாதக் கணக்கில் உறக்கம் இல்லை. நெஞ்சு எரிகிறது, கால் ஓய்கிறது என்பார். வயிற்றுக்கோளாறு என்று பல மருந்துகள் கொடுத்தாயிற்று. இறுதியில் ஓர் இளம் மலையாள மருத்துவர், பொறுமையுள்ளவர், “அம்மே, மனசில் விஷமம் உண்டோ?” என்று கேட்டார். அம்மையாருக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் யாருக்கு என்ன விஷமம் பண்ணினேன் தம்பி? யார் வீட்டு வம்புக்கும் போகாதவள் நான்” என்றார். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். நமக்கோ அது குறும்பு, கெடுதல். துணைக்குப் போயிருந்த நாங்கள் குறுக்கிட்டு, “வருத்தம் உண்டா என்று கேட்கிறார் அம்மா” என்றோம். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, கணவர் போன நாள் முதலாகச் சோறு மண்ணாக இருக்கிறது என்று தொடங்கி, அரை மணி நேரம் பேசினார். நாங்கள் ஒவ்வொரு வாக்கியமாகப் பெயர்த்தோம். வயிற்று மருந்து நிறுத்தப்பட்டு, வேறு மருந்து தொடங்கிற்று. ஏறத்தாழ ஒரு மாதம் சென்று, தாமே கடைக்குப் போய் மீன் வாங்கி வந்தார் என்று மகன் சொன்னார்.

இது கொச்சிக்கு மட்டும் உரிய சங்கடம் அன்று. பெங்களூரில் கன்னடத்தார் பேஜாரு என்றால் மன வருத்தம். நம் சென்னை வழக்கில் பேஜார் என்றால் தொல்லை. தெலுங்கில் திகுலு என்பது கவலை. நம் காதில் அது திகில் என விழும். தில்லியில் கப்ராஹட் என்றால் படபடப்பு. அந்தச் சொல் தெரியாதவர் வெறுமனே தலையை ஆட்டிவிட்டு வருவார். ஆகவே மனச்சோர்வு என்று ஐயுற்று மருத்துவரிடம் செல்லும்போது இரு மொழியும் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் வயது வந்தவராகவும், நோயாளியின் இரகசியத்தைக் காப்பவராகவும் இருக்கட்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளையைத் துபாஷியாக்க வேண்டாம். அவ்வாறு துணைக்குச் செல்பவர், சொன்னதைச் சொன்னபடியே சொல்ல வேண்டும். ‘சாகத் தோன்றுகிறது’ என்று தாய் சொன்னால், நாணத்தினால் அதை ‘அலுப்பாக இருக்கிறது’ என்று பெயர்க்கலாகாது. கர்னெய்ரோ கொடுத்த சான்றைப் போல, கேட்டபடியே பெயர்த்தேன் என்று நம் மனச்சாட்சிக்குச் சொல்ல முடிய வேண்டும்.

அழைத்துச் செல்ல ஆள் இல்லாதவர்களுக்கு ஒரு செய்தி. மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-இல் டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 14416 என்னும் எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். எந்த மாநிலத்தில் இருந்தாலும் மொழியைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். தமிழும் அவற்றுள் ஒன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே பேச வேண்டும். வீட்டார் அவரைத் தனியே விடாமல் உடன் இருக்க வேண்டும்.

மருந்தைப் பற்றியும் சில எச்சரிக்கைகள். மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரையைப் போல் அன்றே வேலை செய்யாது. இரண்டு வாரமோ நான்கு வாரமோ, சில வேளைகளில் அதற்கு மேலுமோ பொறுக்க வேண்டும். குணம் தெரிந்த உடனே நாமாக நிறுத்துவதும் கூடாது. மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். மருந்தோடு மனம் விட்டுப் பேசும் சிகிச்சையும் சேர்ந்தால் நன்று. இலேசான சோர்வுக்கு அதுவே போதும் என்பதும் உண்டு. அமல்பொரி வேர் பழைய வேர்தானே, தீங்கு செய்யாது என்று எண்ணிக் கடையில் வாங்கிப் பொடித்து உண்ணலாகாது. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் வேர் அது. வேறு மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து விளையலாம். ரெசர்பினின் புகழ் பரவிய பிறகு காடுகளில் இச்செடி அளவின்றித் தோண்டப்பட்டது. 1990 முதல் அது உலக வாணிப ஒப்பந்தத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

மனச்சோர்வு மானக்கேடு அன்று, பலவீனமும் அன்று, முன்வினையும் அன்று. ரெசர்பின் ஆய்வுக்காக வக்கீலும் கிளைனும் 1957-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் லாஸ்கர் பரிசைப் பெற்றார்கள். உலகத்து அறிஞர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டு ஆராய்ந்த ஒரு நோய் அது. அந்த நோயுற்றவர் நம் வீட்டில் இருந்தால், தைரியமாக இரு என்று உபதேசிப்பதற்கு முன் அருகே உட்கார்ந்து, என்ன செய்கிறது என்று கேட்போம். அவர் சொல்லும் சொல்லைத் திருத்தாமல் கேட்போம். மருந்து அங்கிருந்துதான் தொடங்குகிறது.